மார்பகக் குறைப்பு ஆபரேஷன்: இரண்டு ஆலோசனை, ஒரு முடிவு, 14 மாத அனுபவம்

ஆபரேஷன் முடிந்து 14 மாதம் ஆகிவிட்டது. செய்துகொண்டது சரிதானா என்று கேட்டால், எனக்குச் சரி, இன்னொரு முறை முடிவெடுக்கச் சொன்னாலும் இதையேதான் செய்வேன். ஆனால் ஆபரேஷன் நடந்தது மூன்று மணி நேரம், செய்துகொள்வதா வேண்டாமா என்று நான் தவித்தது இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் இரண்டு மருத்துவமனைகளில் ஆலோசனைக்குப் போனேன். ஒன்றில் பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பினார்கள், இன்னொன்றில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள். என் முடிவு உருவானது அந்த இரண்டாவது அறையில்தான். அதனால் இந்த விமர்சனத்தில் கத்தியைவிட ஆலோசனையைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். இடங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை, நீங்கள் போகும் இடம் வேறாக இருக்கும், கேட்க வேண்டியவை மாறாது.

எனக்கு வயது 38. பதினைந்து வயதிலிருந்தே மார்பு உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. மருத்துவத்தில் இதற்கு மேக்ரோமாஸ்டியா என்று பெயர் இருக்கிறது என்பதே முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். அதுவரை என் உடம்புவாகு இப்படி, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். கழுத்து வலி, தோள்பட்டை வலி, மாலையானால் மேல்முதுகில் கல்லை ஏற்றி வைத்த மாதிரி பாரம். சில நாள் கைவிரல்கள் மரத்துப்போகும். பிரா பட்டை அழுத்தி அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருந்தது, குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றால் பட்டை இல்லாமலேயே பட்டை போட்ட மாதிரி இரண்டு கோடு தெரியும், சுண்டுவிரலை அதில் படுக்க வைக்கலாம். எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது மார்புக்கு அடியில் வரும் புண். தோலும் தோலும் ஒட்டும் இடத்தில் வியர்வை நின்று, சிவந்து, எரிந்து, தோல் உரிந்துவிடும். பூஞ்சைக்கான களிம்பு போட்டால் பத்து நாளில் ஆறும், அடுத்த மாதம் திரும்ப வரும். பழைய பருத்தித் துணியைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, நான்காக மடித்து, இரண்டு பக்கமும் அடியில் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். பையில் மாற்றுத் துணி எப்போதும் நான்கு இருக்கும்.

ஓட முடியாது, குப்புறப் படுக்க முடியாது. அடுத்தவர் பார்வையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, இதைப் படிக்க வந்தவர்களில் பலருக்கு அது பழக்கமானதுதான். மறைப்பதற்காகத் தோளை முன்னால் குறுக்கிக் குறுக்கி நடந்ததில் கூன் விழுந்து, அதுவே வலியைக் கூட்டிக்கொண்டிருந்தது.

நேராக ஆபரேஷனுக்குப் போய்விடவில்லை. முதலில் பிரா. ஒழுங்காக அளவெடுக்கத் தெரிந்த ஒருவரிடம் போனபோதுதான் பன்னிரண்டு வருடமாகத் தப்பான அளவு போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. எடையைத் தாங்க வேண்டியது உடம்பைச் சுற்றி வரும் அடிப்பட்டை, தோள்பட்டை வார் இல்லை. நான் வாங்கிக்கொண்டிருந்ததில் அடிப்பட்டை தொளதொளவென்று இருக்கும், கப் சின்னதாக இருக்கும், மொத்த பாரமும் தோளில் இறங்கும். சரியான அளவுக்கு மாறியதும் தோள்வலி கொஞ்சம் குறைந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ஆறு மாதம் பிசியோதெரபி, மேல்முதுகுத் தசைக்கான பயிற்சிகள். அதுவும் உதவியது, ஆனால் பயிற்சியை ஒரு வாரம் விட்டால் வலி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும். உடம்பு எடையையும் 7 கிலோ குறைத்தேன். மார்பில் கொழுப்பு எவ்வளவு, சுரப்பித் திசு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு எடை குறைந்தால் மார்பும் குறையும். எனக்கு முகமும் இடுப்பும் வற்றியதே தவிர மார்பு அசையவில்லை, இன்னும் தொங்கித்தான் போனது. அடியில் வரும் புண்ணுக்கு இந்த மூன்றில் எதுவும் பலன் தரவில்லை. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், முதலில் இவற்றைச் செய்து பாருங்கள், சிலருக்கு இதிலேயே போதும் என்ற அளவுக்கு நிம்மதி கிடைத்துவிடும். காப்பீட்டில் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், வேறு வழிகளையும் முயன்றோம் என்பதற்கு இந்தச் சிகிச்சைகளின் மருத்துவச் சீட்டுகள்தான் சாட்சி.

இப்போது முதல் ஆலோசனை. அழகான வரவேற்பறை, சிரித்த முகங்கள். மருத்துவர் உள்ளே வந்தார், உட்கார்ந்தார், “எந்த கப் வேணும்னு நினைக்கிறீங்க?” என்றார். அதுதான் முதல் கேள்வி. எனக்கு எங்கே வலிக்கிறது, ஏன் வந்திருக்கிறேன் என்று கேட்கவே இல்லை. சி கப் என்றேன், தந்துவிடலாம் என்றார். கையடக்கக் கணினியில் முன்பு, பின்பு என்று படங்கள் காட்டினார், எல்லாமே வழவழவென்று இருந்தன. தழும்பு பற்றிக் கேட்டேன், “ஒரு வருஷத்துல தெரியவே தெரியாது” என்றார். காம்பில் உணர்ச்சி போய்விடுமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, இருந்தும் கேட்டேன், “அதெல்லாம் வந்துடும்” என்று எழுந்துவிட்டார். அளவு எடுக்கவில்லை, அடியில் இருந்த புண்ணைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் ஆலோசகர் என்ற அட்டை மாட்டிய ஒருவர் தேதியைக் குறிக்க நாட்காட்டியோடு உட்கார்ந்திருந்தார், இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால் சலுகை உண்டு என்றார்.

அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை, அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இருபது வருடப் பாரத்தை ஒருவர் பத்து நிமிடத்தில் இறக்கி வைக்கிறேன் என்று சொன்னால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது. மிதந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி கணவர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். தழும்பு எங்கெங்கே வரும்? எவ்வளவு எடுப்பார்கள்? இன்னொரு குழந்தை பிறந்தால் பால் கொடுக்க முடியுமா? புண் ஆறாவிட்டால் யாரைப் பார்ப்பது? ஒரு கேள்விக்குக்கூட என்னிடம் பதில் இல்லை. கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்துவிட்டேன், ஆனால் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகும் இரண்டு மாதம் அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அம்மாவிடம் சொன்னபோது, “நல்லா இருக்கிற உடம்பை ஏன்டி வெட்டிக்கணும்?” என்றார். எனக்குக் கோபம் வந்தது, பதில் பேசாமல் சட்டையைத் தோளில் கொஞ்சம் இறக்கிப் பள்ளத்தைக் காட்டினேன். அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் தன் தோளில் அதே இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கேயும் அதே பள்ளம். அறுபத்தைந்து வயது அவருக்கு. எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டேன், “அதெல்லாம் இருக்கும்மா, யார்கிட்ட போய்ச் சொல்றது” என்றார். அதற்குப் பிறகு அவர் வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து இரண்டாவது ஆலோசனை. இந்த முறை ஒரு நோட்டில் 22 கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் பெண், பிளாஸ்டிக் சர்ஜன், கூடவே ஒரு நர்ஸ். “உங்களுக்கு இதனால என்ன கஷ்டம்னு முதல்ல சொல்லுங்க, நான் நடுவுல பேச மாட்டேன்” என்றார். நான் பேசி முடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அப்புறம் நிற்க வைத்து அளந்தார். கழுத்துக்குக் கீழே இரண்டு காறை எலும்பும் சேரும் குழியிலிருந்து காம்பு வரை நாடாவைப் பிடித்தார், 34 சென்டிமீட்டர். பெரும்பாலும் 21 சென்டிமீட்டரை ஒட்டித்தான் திட்டமிடுவோம் என்றார். மார்பைத் தூக்கி அடியில் இருந்த புண்ணைப் பார்த்தவர், இது முழுதாக ஆறாமல் தேதியே கொடுக்க மாட்டேன், தொற்று இருக்கும் தோலில் கத்தி வைக்கக் கூடாது என்றார். புகை பிடிப்பீர்களா, மின்சிகரெட் உண்டா, ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும் மாத்திரை, மூலிகை மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, பழைய காயத் தழும்பு தடித்துப்போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். என் முழங்காலில் இருந்த சின்ன வயதுத் தழும்பைக்கூட விளக்கடியில் வைத்துப் பார்த்தார். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், காம்புக்குப் போகும் ரத்தம் குறைந்தால் அது கறுத்து அழுகிப்போகக்கூட வாய்ப்பு உண்டு, அதனால் புகைப்பவர்கள் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரமாவது நிறுத்தியே ஆக வேண்டும் என்றார்.

பிறகு ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். இரண்டு முக்கியமான வெட்டு முறைகள். ஒன்றில் காம்பைச் சுற்றிய கருவட்டத்தைச் சுற்றி ஒரு வட்டமும் அதிலிருந்து நேராகக் கீழே இறங்கும் ஒரு கோடும் வரும், குச்சி மிட்டாய் மாதிரி. இன்னொன்றில் அவற்றோடு மார்பின் அடி மடிப்பில் குறுக்காக ஒரு நீண்ட கோடும் சேரும், நங்கூர வடிவம். அதிகமாகக் குறைக்க வேண்டியவர்களுக்கு நங்கூரம்தான் பெரும்பாலும். இந்த வரைபடத்தின் மூலவடிவத்தை 1956-இல் ராபர்ட் வைஸ் என்ற மருத்துவர் வெளியிட்டார், இன்றுவரை அதன் அடிப்படையில்தான் தோலில் கோடு போடுகிறோம் என்றார். காம்பைத் தனியாக வெட்டி எடுத்து மேலே ஒட்டுவார்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள ஒரு திசுத் தண்டோடு அதை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியுள்ளதை எடுத்துவிட்டு, தண்டோடு சேர்த்து மேலே நகர்த்துகிறார்கள். தூரம் மிக அதிகமாக இருந்தால்தான் காம்பைத் தனியே எடுத்து ஒட்ட வேண்டி வரும், அப்படிச் செய்தால் உணர்ச்சி பெரும்பாலும் போய்விடும், பால் கொடுக்க முடியாது. “உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். ஆனா உள்ளே போனப்புறம் ரத்த ஓட்டம் சரியில்லைன்னு தெரிஞ்சா அப்போ செய்ய வேண்டி வரலாம், அதுக்கும் சேர்த்துத்தான் நீங்க கையெழுத்துப் போடணும்” என்றார். பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை ஆபரேஷனுக்கு முன்னாலேயே என் கையில் கொடுத்ததற்காக அவர்மீது எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

கப் அளவு பற்றி நானே கேட்டேன். வாக்குக் கொடுக்க முடியாது, ஒவ்வொரு பிரா நிறுவனத்திலும் கப் ஒவ்வொரு மாதிரி, உடம்புக்குப் பொருத்தமாக எவ்வளவு எடுத்தால் காம்புக்கு ஆபத்து இல்லையோ அவ்வளவு எடுப்பேன், ஒரு பக்கத்துக்கு 500 கிராமுக்கு மேல் வரும் என்று மதிப்பிடுகிறேன் என்றார். இந்த கிராம் கணக்கைக் காப்பீட்டு நிறுவனங்களும் பார்க்கின்றன. இவ்வளவுக்கு மேல் எடுத்தால்தான் மருத்துவத் தேவை, அதற்குக் கீழே என்றால் அழகுக்காகச் செய்வது என்று சில இடங்களில் கோடு போட்டிருக்கிறார்கள். 1991-இல் ஷ்னூர் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட, உடம்பின் பரப்பளவை வைத்து எடுக்க வேண்டிய திசுவின் எடையைக் கணக்கிடும் ஓர் அட்டவணையைச் சில நிறுவனங்கள் அப்படியே பின்பற்றுகின்றன. குறைவாக எடுத்தவர்களுக்கும் வலி நன்றாகவே குறைகிறது, எனவே இந்தக் கோடு நோயாளியின் வேதனையை அளக்கும் கோடு இல்லை என்பது என் கருத்து. இருந்தாலும் உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்பதைத் தேதி குறிப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படங்களும் காட்டினார். அதில் நன்றாக வந்தவையும் இருந்தன, வராதவையும் இருந்தன. ஒரு படத்தில் தழும்பு கயிறு மாதிரி தடித்திருந்தது, ஒன்றில் ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாக இருந்தது, ஒன்றில் தையல் பிரிந்து சிவப்பாகத் திறந்திருந்தது. வேறு யாரோ செய்ததா என்று கேட்டேன், “இல்ல, மூணுமே நான் செஞ்சதுதான்” என்றார். அந்த நிமிடத்தில்தான் இவரிடம்தான் செய்துகொள்வேன், செய்தால், என்று மனதுக்குள் முடிவானது.

பால் கொடுப்பது பற்றிய பதிலும் அதே மாதிரி நேராக வந்தது. தண்டோடு நகர்த்தும் முறையில் சிலரால் முழுதாகக் கொடுக்க முடியும், சிலருக்குப் போதாமல் புட்டிப்பால் சேர்க்க வேண்டி வரும், சிலருக்கு வரவே வராது, யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கர்ப்பமானால் மார்பு மறுபடி பெரிதாகலாம், வடிவமும் மாறலாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் காத்திருப்பது நல்லது என்றார். எங்களுக்கு ஒரு மகள், அப்போது நான்கு வயது. இரண்டாவது வேண்டுமா என்பதை நானும் கணவரும் அதுவரை வெளிப்படையாகப் பேசியதே இல்லை. அந்த ஆலோசனை எங்களைப் பேச வைத்தது. பேசி முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது, சுலபமான பேச்சு இல்லை, சில நாள் இரண்டு பேரும் அழுதிருக்கிறோம். வேண்டாம் என்று முடிவு செய்த பிறகுதான் திரும்ப மருத்துவரிடம் போனேன். அந்த ஒரு வருடத்தில் மருத்துவமனையிலிருந்து என்னை யாரும் அழைத்து அவசரப்படுத்தவில்லை.

கிளம்பும்போது அவர் கேட்ட ஒரு கேள்வியை அந்த வருடம் முழுக்கச் சுமந்துகொண்டிருந்தேன். “தழும்பு நல்லாவே தெரியுது, ஒரு பக்கம் காம்புல உணர்ச்சி இல்லை, ரெண்டும் ஒரே அளவுல இல்லை, ஆனா வலியும் புண்ணும் இல்லைன்னு வெச்சுக்கங்க. அந்த உடம்போட சந்தோஷமா இருப்பீங்களா? நல்லா வந்தா எல்லாருக்கும் சந்தோஷம்தான், நான் கேட்கிறது இதை.” முதல் சில மாதம் என் பதில் இல்லை என்றுதான் இருந்தது. உணர்ச்சி எனக்கு முக்கியம், கணவருக்காக இல்லை, எனக்காக. அதை இழந்துவிட்டால் என்ன செய்வது என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். ஒருநாள் வேலையிடத்தில் ஒரு கூட்டம், நான்தான் பேச வேண்டும். நடுவில் அடியில் ஈரம் கசிந்து எரிய ஆரம்பித்துவிட்டது. எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு துணியை உருவினால் தோல் ஒட்டிக்கொண்டு வருகிறது, துணியில் லேசாக ரத்தம். அந்த வருடத்தில் அது ஏழாவது முறை. புதுத் துணியை மடித்துக்கொண்டு நின்றபோது அந்தக் கேள்விக்கு ஆமாம் என்ற பதில் தானாக வந்தது. அவர் சொன்ன அந்த மோசமான நிலை, நான் நின்றுகொண்டிருந்த நிலையைவிட எனக்குப் பரவாயில்லை என்று தெளிவாகத் தெரிந்தது.

ஆபரேஷன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் மாமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்தார்கள். அன்று காலை நிற்க வைத்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்டார்கள். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், அதனால் நின்றபடிதான் வரைய வேண்டுமாம். பேனா முனை சில்லென்று இருந்தது, நாடா வைத்து ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை சரிபார்த்தார். முழு மயக்கம், மூன்று மணி நேரம். ஒரு பக்கம் 640 கிராம், இன்னொரு பக்கம் 580 கிராம். எடுத்த திசுவைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள், வெளியே தெரியாத புற்றுநோய் அரிதாக இதில் பிடிபடுவது உண்டு என்பதால். எனக்கு ஒன்றும் இல்லை. உள்ளே தேங்கும் ரத்தமும் நீரும் வெளியேறப் பக்கத்துக்கு ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள், மறுநாள் காலையில் உருவிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலி நான் பயந்த அளவுக்கு இல்லை, இறுக்கிக் கட்டி வைத்த மாதிரிதான். கண்ணாடியில் முதல்முறை பார்த்தபோதுதான் உடைந்து அழுதேன். நீலமும் மஞ்சளுமாக வீங்கி, சதுரமாக, மேலே ஏறிப்போய் இருந்தது. முதல் வாரங்களில் பார்ப்பது இறுதி வடிவம் இல்லை, இறங்கி உருண்டு வரச் சில மாதங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தெரிந்திருந்தும் அழுகை வந்தது.

ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, இரவும் பகலும் சர்ஜிக்கல் பிரா, மல்லாந்துதான் படுக்க வேண்டும். வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாமல் இதில் இறங்காதீர்கள், முதல் பத்து நாள் மேல் அலமாரியிலிருந்து ஒரு தம்ளர் எடுக்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. மகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டும்போது உட்கார்ந்து மடியில் சாய்த்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு சிக்கல். நேர்க்கோடும் அடிக்கோடும் சேரும் முனையில், நகம் அளவுக்குத் தையல் பிரிந்து திறந்துகொண்டது. தோல் மிக இறுக்கமாக இழுபடும் இடம் அது, இந்த ஆபரேஷனில் அதிகம் பேருக்கு ஆறத் தாமதமாவதும் அங்கேதான். எனக்கு அது சனிக்கிழமை இரவு நடந்தது. அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த எண்ணுக்கு நான்கு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. ஒரு பக்கம் திடீரென்று வீங்கினாலோ, காம்பு கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதில் எதுவும் இல்லை, அதனால் கட்டுத் துணியை மாற்றிக்கொண்டு திங்கள்வரை பயத்தோடு காத்திருந்தேன். திங்களன்று நர்ஸ் பார்த்தார், மன்னிப்பும் கேட்டார், நான்கு வாரம் கட்டுப் போட்டதில் ஆறிவிட்டது. ஆலோசனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கத் தெரிந்த இடம், இரவில் ஒரு போனை எடுக்க ஆள் வைக்கவில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆலோசனைக்கு ஐந்துக்கு ஐந்து, ஆபரேஷனுக்கு ஐந்துக்கு நாலரை, பின்கவனிப்புக்கு மூன்றுதான் கொடுப்பேன். இரவில் அழைத்தால் யார் எடுப்பார் என்று பெயரோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், என் 22 கேள்விகளில் அது இல்லை.

இன்றைய நிலை இதுதான். கழுத்து வலியும் முதுகுப் பாரமும் இரண்டாவது மாதத்திலேயே விட்டுப்போனது. அடியில் புண் இந்த 14 மாதத்தில் ஒருமுறைகூட வரவில்லை, பையில் இருந்த துணிகளைத் தூசு துடைக்கப் போட்டுவிட்டேன். விரல் மரப்பது நின்றுவிட்டது. தலைவலி பாதிதான் குறைந்தது, மீதிக்கு வேறு காரணம் இருக்கிறது, அதற்குத் தனியாக மருத்துவம் பார்க்கிறேன். எல்லா வலியையும் மார்பின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், ஏமாற்றம் மிஞ்சும். இடது காம்பில் ஐந்தாவது மாதம் மின்சாரம் சுண்டுவது மாதிரி சுருக் சுருக்கென்று ஆரம்பித்து உணர்ச்சி திரும்பிவிட்டது. வலது பக்கம் மந்தமாகத்தான் இருக்கிறது, இனி பெரிதாக மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிக்கோட்டுத் தழும்பு மடிப்பில் மறைந்துவிடுகிறது, நேர்க்கோடு வெளிர்ந்துகொண்டே வருகிறது, அக்குள் பக்க முனையில் மட்டும் கொஞ்சம் தடிப்பு, சிலிகான் பட்டை ஒட்டுகிறேன். உள்ளே இறந்த கொழுப்பு கட்டி மாதிரி தங்கிவிடலாம், மாமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகளாகவும் தெரியலாம். அதனால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவியாகப் புதிதாக ஒரு மாமோகிராம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் எங்கே எடுத்தாலும் இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். தோள் பள்ளம் மேலாகிவிட்டது, முழுதாகப் போகவில்லை.

என் தங்கைக்கு 21 வயது, அவளுக்கும் இதே உடம்பு. “அக்கா, நான் இப்பவே பண்ணிக்கட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவள் வலி எனக்குத் தெரியும், ஆனால் சரி என்றும் உடனே சொல்லவில்லை. போன வருடமும் அவளுக்கு அளவு கூடியிருக்கிறது. வளர்ச்சி நின்று, எடையும் ஏறி இறங்காமல் ஒரு வருடமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குப் பிறகும் மறுபடி வளரலாம். குழந்தை பற்றியும் அவள் யோசிக்க வேண்டும். ஆலோசனைக்கு மட்டும் இப்போதே போகலாம், போவதால் எந்தக் கட்டாயமும் இல்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் அதே மருத்துவரிடம் நானும் கூடப் போகிறேன். என் நோட்டை வாங்கிக்கொண்டு போய் அவள் தன் பங்குக்குப் பதினொரு கேள்விகள் சேர்த்திருக்கிறாள். அதில் ஒன்று எனக்குத் தோன்றாதது, “பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்க எத்தனை நாள் ஆகும்?” எனக்கு ஏழு வாரம் ஆனது என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மருத்துவர் என்ன சொல்கிறார் என்று அவளே கேட்கட்டும்.